விரல் நர்ஸ்

"நேத்து இன்னா கனா கண்டீங்க பீவிம்மா, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே ஆமினா பீவியின் வலக்கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்க்கிறாள் ஆரோக்கியசெல்வி. மார்கழிக் குளிரில் விரல் சில்லிட்டுக் கிடந்தால் மிஷின் தாறுமாறாகக் காட்டும். அதனால் முதலில் சூடு, அப்புறம் கனா, கடைசியில்தான் மிஷின். ஆமினா பீவி கண்ணை மூடிக்கொள்கிறார். "எங்க வூட்டுக்காரு வந்து கடைச் சாவி கேட்டாரும்மா. கடையத்தான் வித்துட்டமே, இன்னா சொல்றதுன்னு முழிச்சிக்கினு நின்னன்." கனாவில் நின்ற இடத்திலேயே அவர் இன்னும் நின்றுகொண்டிருக்க, துணிக்குப் போடும் கிளிப்பைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தக் கருவி சுட்டுவிரலைக் கவ்விக்கொண்டு சிவப்பில் ஓர் எண்ணைக் காட்டுகிறது.

பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது அதன் முழுப்பெயர். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும். பாகூர் பக்கத்தில் அதற்கு விரல் மிஷின் என்று பெயர். அதைக் கொண்டு வருகிறவள் விரல் நர்ஸ். ஒரு தொண்டு அமைப்பில் வேலை. எழுந்து நடமாட முடியாதவர்களையும் மூச்சுக்குத் திணறுகிறவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவள், குள்ளம், நல்ல கனத்த குரல். மிஷினை ஒரு ஷூ லேஸில் கோத்துக் கழுத்தில் ஜெபமாலையோடு சேர்த்தே தொங்கவிட்டிருப்பாள். எண் சரியாக வந்துவிட்டால் எதையோ எடுத்து முத்தம் கொடுப்பாள், அது மாலையா மிஷினா என்று எதிர்வீட்டுக்காரனான எனக்கே இதுவரை பிடிபடவில்லை.

அது என்ன, நர்ஸ் வேலைக்கும் கனாவுக்கும் சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க வேறண்ணா. மிஷினையே மொறச்சிக்கினு ஒக்காந்திருக்குதுங்க, பரிட்சை மார்க்கு வரப்போற மாதிரி. பயத்துலயே மூச்சு தாறுமாறா ஓடுது. கனாவச் சொல்லுன்னா அது பாட்டுக்கு எங்கியோ போயிடுது, மூச்சும் அது பாட்டுக்கு வருது" என்றாள். கேட்பதிலும் காரியம் உண்டு. எந்த வார்த்தையில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று காது ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டுக் கனாவை அடுத்த வீட்டில் கொட்டாமல் இருக்கவும் அவளால் முடியாது. பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். பாகூர் ஏரி வாசற்படி ஏறி வந்து ஒருவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனதும், அவர் அதிலேயே மிதந்து வயல் பார்த்துவிட்டு வந்ததும் இப்படித்தான் எனக்குத் தெரியும். படுக்கையில் கிடக்கிறவர்கள் இரவில் இவ்வளவு ஊர் சுற்றுகிறார்களா என்று ஆச்சரியமாக இருக்கும். சில நாள் காலையில் அவள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கினால் பனியில் மங்கித் தெரிகிற பால் வண்டிகூட யாரோ ஒருவர் கனாவில் இருந்து வருவது போலத்தான் தோன்றும். உனக்கு என்ன கனா வரும் என்றால், "எனக்கா? படுத்தா கட்டதான்" என்று சிரிப்பாள்.

சாதுவென்று நினைத்துவிட வேண்டாம். பொல்லாத கோபக்காரி. நோயாளி வீட்டில் பீடிக்கட்டு கண்ணில் பட்டால் போதும், சாணிக் குழிக்குள் பறக்கும். பொய் சொன்னால் அதற்குமேல். அந்தக் கோபத்தை நான் நேரில் பார்த்தது இந்த மார்கழியில்தான். அவள் ஸ்கூட்டி மெக்கானிக்கிடம் கிடந்ததால் அன்று என் பைக்கில் ஏறிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆமினா பீவி வீட்டைவிட்டு இறங்கும்போது செல்விக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கரையாம்புத்தூர் கண்ணையன் வீட்டில் இருந்து. காலமெல்லாம் வெல்லம் காய்ச்சும் அடுப்படியில் நின்று புகையைக் குடித்த நுரையீரல் அவருக்கு. அவ்வளவு தூரம் அடிக்கடி போக முடியாது என்று செல்வி ஒரு மிஷினை அங்கேயே கொடுத்திருந்தாள். காலையில் விரலில் மாட்டிப் படம் எடுத்து அனுப்ப வேண்டியது அவர் மனைவி காசம்மாளின் பொறுப்பு. படத்தில் தொண்ணூற்றேழு.

"அட, நல்லாத்தானே இருக்கு" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

"இன்னாண்ணா நல்லாருக்குது? நல்ல நாள்லயே தொண்ணூத்தி ரெண்டத் தாண்டாத மனுஷன்" என்றவள் படத்தைப் பெரிதாக்கினாள். மிஷினுக்கு வெளியே நகத்தின் ஓரம் தெரிந்தது. செக்கச் சிவந்த மருதாணி. அந்த வீட்டுப் பேத்தியின் மஞ்சள் நீராட்டு போன வாரம்தான் முடிந்திருந்தது. "பெரியப்பா எப்ப மருதாணி வச்சாரு?" என்று கேட்டவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "வண்டிய எடுங்க."

கரையாம்புத்தூர் போகிற வழியில் பாண்டிச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். பனி மூட்டத்தில் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் கரும்பு வெள்ளையாய்ப் பூத்து, தலை மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல நின்றது.

கண்ணையன் கட்டிலில் குனிந்து, முட்டியில் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. செல்வி கனா கேட்கவில்லை. கையை அவசரமாகத் தேய்த்து மிஷினை மாட்டினாள். எண்பத்தொன்று.

"எத்தினி நாளா பெரிம்மா இந்த வேல?"

காசம்மாள் கதவோரம் ஒடுங்கினார். "ஆஸ்பத்திரி வாணாம்னு கையெடுத்துக் கும்புட்டாருடியம்மா. கொரோனா அப்ப அவுரு தம்பிய இட்டுக்கினு போனாங்க, மூஞ்சியக்கூட காட்டல. கம்மியா காட்டுனா நீ இட்டுக்கினு பூடுவ... கட்டுனவ வெரலுதான, ரெண்டும் ஒண்ணுதானன்னு வச்சிட்டன்."

"ஒண்ணா? உன் மூச்சு அவுருக்குப் போவுமா? சொல்லு, போவுமா?" செல்வியின் குரலில் மாட்டுக் கொட்டகை வரைக்கும் அதிர்ந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட்டாள். கண்ணையன், "வா...ணாம்" என்று தலையை ஆட்டினார். அவர் முன்னால் மண்டியிட்டு, "நானும் உள்ள வரன் பெரியப்பா. பெரிம்மாவும் வரும். ஒன் மூஞ்சிய நாங்க பாத்துக்கினே இருப்போம்" என்றாள். அதற்கப்புறம்தான் அவர் எழுந்திருக்கச் சம்மதித்தார்.

ஆம்புலன்ஸில் அவர்களோடு ஏறியவள் காசம்மாளின் பக்கம் திரும்பவே இல்லையாம். பின்னாலேயே பைக்கில் போன நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கண்ணையனின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் ஏறியிருந்தது. எண் மெல்ல ஏறி எண்பத்தெட்டில் நின்றது. அவர் கண்கள் மட்டும் செல்வியையும் காசம்மாளையும் விட்டு நகரவில்லை.

டாக்டர் சின்னப் பெண். வந்ததும் வராததுமாகக் கேட்டார். "பொழச்சிப்பாரு. ஆனா இவ்ளோ எறங்கற வரைக்கும் வீட்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க? டெய்லி ரீடிங் எடுக்கறது யாரு?"

காசம்மாள் மருதாணி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"நான்தான் மேடம்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "நான்தான் சரியா பாக்கல." சொல்லிக்கொண்டே, டாக்டர் பக்கம் இருந்து முகத்தைத் திருப்பாமல், காசம்மாளின் கையைத் தேடிப் பிடித்து அந்த மருதாணி விரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.