கைப்பிடியை இறுக்கினேன், கசிவு நிற்கவில்லை

பிள்ளையார்பாளையத்தில் நானும் நாத்தனார் ஸ்டெல்லாவும் காபிக் கடை நடத்துகிறோம். எஸ்பிரெசோ மெஷினில் தூள் நிரப்பி மாட்டும் கைப்பிடியின் ஓரம் கசியத் தொடங்கியது. தினமும் இன்னும் வலப்பக்கம் இழுத்து இறுக்கினேன். ஒரு காலை, பால் எடுக்க நான் நகர்ந்ததும் கைப்பிடி கழன்று தெறித்தது. நான் நின்ற இடமெல்லாம் கொதிநீரும் தூளும்.

"கையில பட்டுச்சா அண்ணி?" என்று ஸ்டெல்லா ஓடிவந்தாள்.

"இல்லம்மா. ஆனா இது ஏன் கழண்டுதுன்னு பாக்கணும்."

மெஷின் ஆறியதும், கைப்பிடி பொருந்தும் இடத்திலிருந்த ரப்பர் வளையத்தை நெம்பினோம். கண்ணாடி வளையல் போல உடைந்தது.

"ரப்பர்னு சொல்றாங்க, கல்லாட்டம் இருக்குது" என்றாள்.

சூட்டில் இறுகித் தேய்ந்திருந்தது; அதனால்தான் கைப்பிடி பிடிப்பில்லாமல் வலப்பக்கம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. புதியதைப் போட்டதும் கைப்பிடி என்னை நேராகப் பார்த்தபடி நடுவிலேயே இறுகி நின்றது. இப்போதெல்லாம் அது நடுவைத் தாண்டினால் நான் பலம் காட்டுவதில்லை. மெஷினை அணைத்து, ஆறவிட்டு, வளையத்தை மாற்றிவிடுகிறேன்.