ஆசிரியர் ஏழு பேர், மாணவி ஒருத்தி

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று பத்து. முதலில் கண்ணில் பட்டது, லேமினேட் செய்த ஒரு சின்னக் காகிதம்.

உள்ளங்கை அகலம்தான். அதை நீட்டிய விரல்களில் புளியோதரையின் எண்ணெய் மினுமினுத்தது. காகிதத்தில் படக்கூடாது என்று ஓரத்தை மட்டும் பிடித்திருந்தன அந்த விரல்கள்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. ராமநாதபுரத்தில் ஒரு இலக்கியக் கூட்டம். 'நம் கதைகளில் குழந்தைகள்' என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு அப்போதுதான் மேடையை விட்டு இறங்கியிருந்தேன். நன்றாகவே பேசினேன் என்று நினைப்பு. தீபாவளிச் சட்டைக்கு ஏங்கும் குழந்தை, சித்தியிடம் சூடு வாங்கும் குழந்தை, கடைசிப் பக்கத்தில் காய்ச்சலில் கண்மூடும் குழந்தை... ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சாளனுக்கு வேறென்ன வேண்டும்?

காகிதத்தை நீட்டியவர், கூட்டத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த மகளிர் குழுவில் ஒருவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கலாம்.

"இதை எழுதுனது நீங்கதானே சார்?"

வாங்கிப் பார்த்தேன். பழுத்துப்போன செய்தித்தாள் துண்டு. ஒற்றைப் பத்தி, ஒன்பது வரி. அந்தக் காலத்தில் மாவட்டச் செய்திக்கெல்லாம் நிருபர் பெயர் போடுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் எழுதியவனுக்குத் தெரியாதா? எண்பதுகளின் நடுவில் நான் இந்த மாவட்டத்தில் பகுதிநேர நிருபர். செய்தியை ஒரு கவரில் போட்டு, மதுரைக்குப் போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். அப்படிப் போன கவர்களில் ஒன்றில் இருந்தது இது.

உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் ஒரு சிறுமியிடம் அத்துமீறி நடந்துகொண்டதாகப் புகார். இதுதான் செய்தி. சிறுமியின் ஊர், எத்தனையாம் வகுப்பு, வயது, தகப்பனாருக்கு என்ன தொழில் என்பதெல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

பெயர் போடாதே என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அந்தப் புள்ள நாந்தேன் சார்."

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை எது தெரியுமா? 'மன்னிச்சிரும்மா' இல்லை. 'எப்படிம்மா இருக்கே'யும் இல்லை.

"பேர் போடலையேம்மா."

அந்தப் பெண் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு.

"பேரு எதுக்கு சார்? அதான் மத்தது எல்லாம் போட்டிருக்கீகளே. எங்க வகுப்புல பொம்பளப்புள்ள நான் ஒருத்தி. எங்க அய்யா பார்த்த வேலை ஊருக்கு ஒருத்தர் பார்க்கிற வேலை. வாத்திமாரு மட்டும் ஏழு பேரு."

எனக்குப் புரியச் சில நொடி ஆனது.

சிறுமியின் பெயர் இல்லை. ஆசிரியரின் பெயரும் இல்லை. நியாயமாக இருப்பதாகத்தான் அன்று நினைத்தேன். ஆனால், ஏழு பேரில் யார் என்று படித்தவர்களுக்குத் தெரியாது. ஒருத்தியில் யார் என்று தெரியாமல் போகுமா?

"மொத பஸ்ஸுல பேப்பர் வரும். டீக்கடையில ஒருத்தர் சத்தமா வாசிப்பாரு, மத்தவுக கேப்பாக. அன்னைக்கு எங்க அய்யா அங்கன உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு."

அன்றோடு அந்தப் பெண்ணின் படிப்பு நின்றது. புத்தகப்பை வகுப்பிலேயே கிடந்ததாம், யாரும் போய் எடுக்கவில்லை. மறு வாரமே மிளகாய்ப் பழம் பொறுக்கப் போய்விட்டார். ஆசிரியரைப் பக்கத்து ஒன்றியத்துக்கு மாற்றினார்கள். பின்னாளில் அவர் ஓய்வு பெற்றபோது பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் செய்தியும் நான் வேலை பார்த்த பேப்பரில்தான் வந்தது — பெயரோடு, படத்தோடு.

"நான்தான் எழுதினேன்னு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்டுக்கு வந்தீகள்ல. வாசல்ல நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சீக. எத்தனாவது படிக்கிறேன்னு கேட்டீக. அய்யாகிட்ட என்ன வேலைன்னு கேட்டீக. எல்லாத்தையும் எழுதிக்கிட்டீக. எம் பேரைக் கேக்கவே இல்ல."

கேட்கவில்லைதான். கேட்டால் எழுத வேண்டி வருமே என்று கேட்கவில்லை. ஆனால் மற்றதை விடாமல் கேட்டேன். யார், என்ன, எங்கே, எப்போது... எங்கள் தொழிலில் இது பாலபாடம். அந்தச் செய்தியை முழு விவரத்தோடு போட்டது எங்கள் பதிப்பு மட்டும்தான் என்று மதுரையிலிருந்து பாராட்டிக்கூடச் சொன்னார்கள். ஒரு தகவல் தப்பில்லை. ஒன்பது வரியும் உண்மை.

"ஏத்தா, சாருகூட போட்டோ புடிக்கிறியா?" குழுத் தலைவி பந்தியிலிருந்து குரல் கொடுத்தார். "இங்கன மோர் வாளி தூக்க ஆளில்ல."

"இந்தா வாரேன்க்கா. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாரேன்."

"கையெழுத்து வாங்கி எந்தப் பேங்க்ல போடப் போற? வெரசா வா."

லேமினேஷனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இதை எதற்கு இப்படிப் பத்திரப்படுத்த வேண்டும்?

"அய்யாதான் வெட்டி நிலப் பத்திரத்தோட வச்சிருந்தாரு. அவரு போனப்புறம் என் கைக்கு வந்துச்சு. மகளுக்கு சாதிச் சான்றிதழ் லேமினேட் பண்ணப் போனேன், இதையும் சேர்த்துக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடைத் தம்பி வாசிச்சுப் பார்த்துட்டு, 'அக்கா, இதுல நீங்க எங்கன இருக்கீக?'ன்னு கேட்டுச்சு. எங்கயும் இல்லப்பான்னேன்."

அவரே தொடர்ந்தார்.

"உங்கள வைய வரல சார். வஞ்சு என்னாகப் போகுது? ஒரு போன் பேசணும், அதுக்குத்தான் வந்தேன்."

விஷயம் இதுதான். அவர் இப்போது வாழ்க்கைப்பட்டிருப்பது கடலோரத்து ஊர் ஒன்றில். பக்கத்துத் தெருவில் ஒரு சிறுமி. அவள் படிக்கிற பள்ளியில் ஆசிரியர் ஒருவர் மீது அதே மாதிரிப் புகார். இந்த முறை பிள்ளை தாயிடம் சொல்ல, தாய் நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை மாலை கைது. ஞாயிறு காலையில் ஒரு நிருபர் பைக்கில் வந்து, வீடு எது என்று தெருவில் விசாரித்திருக்கிறார்.

"அந்தப் புள்ளையோட அய்யா ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு. பேப்பர்ல வந்து ஊருக்குத் தெரிஞ்சா பள்ளிக்கூடம் கிடையாது, மில்லு வேலைக்கு அனுப்பிருவேன்னு. பேப்பர்காரத் தம்பிகிட்ட நானே போய்ச் சொன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'கவலப்படாதீங்கக்கா, பேர் போட மாட்டோம்.'"

அந்த நிருபரை எனக்குத் தெரியும். பாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு வெளியே வந்து செல்போனில் பிடித்தேன். அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"சார், பேர் போடல சார். எனக்குத் தெரியாதா?"

"வேற என்ன போட்டிருக்கே? வாசி."

வாசித்தான். ஊர், வகுப்பு, வயது, தகப்பன் தொழில் எல்லாம் வரிசையாக வந்தது. என் நடைதான்.

"வாத்தியார் பேரு?"

"ஆசிரியர் ஒருவர்னு போட்டிருக்கேன் சார். பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும்னு ஹெட்மாஸ்டர் ரொம்பக் கேட்டுக்கிட்டார்."

"எஃப்.ஐ.ஆர்.ல பேர் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அதைப் போடு. வயசு போடு, கைதுன்னு போடு. அந்தப் பக்கம் ஒரு மாணவின்னு மட்டும் போடு. ஊர் வேண்டாம். வகுப்பு வேண்டாம். அப்பன் தொழில் வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பேரும் வேண்டாம்."

"அப்புறம் செய்தியில என்ன சார் இருக்கும்?"

"மூணு வரி இருக்கும்."

"ஊர் இல்லாமச் செய்தி அனுப்பினா மதுரை ஆபீஸ் டெஸ்க்ல என்னை உரிச்சிருவாங்க சார். நாளைக்கு மத்த பேப்பர்ல எல்லாம் முழுசா வந்து, நம்ம பேப்பர்ல மட்டும் மூணு வரி வந்தா..."

அவன் கேட்டதில் தப்பில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன். கேட்கக்கூட மாட்டேன், கவரை பஸ்ஸில் ஏற்றியிருப்பேன்.

"மத்தவங்க நம்பரைக் கொடு. நான் பேசுறேன்."

மூன்று நம்பர் கொடுத்தான். இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க ரிட்டயர் ஆகிட்டீங்க சார். உங்களுக்கு நாளைக்குப் பேப்பர் கிடையாது. எனக்கு உண்டு."

"யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

போனை வைத்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் முடியாதென்கிறார் என்று சொன்னேன். தலையாட்டினார். ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்ததுபோல் இருந்தது. காகிதத்தைத் திருப்பி வாங்கி இடுப்புச் சுருக்குப்பையில் சொருகிக்கொண்டு புறப்பட்டவர், இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் சார் பொட்டலம் கட்டுனேன். நீங்க சொன்ன கதையில எல்லாம் புள்ளைக அழுவுதுக. இல்லாட்டிச் செத்துப்போகுதுக. அத்தோட கதை முடிஞ்சு போகுது. மறுநா அதுக என்ன செஞ்சுச்சுக?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. மோர் வாளி காத்திருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாகக் கதை படிக்கிறேன். குழந்தை அழுகிற இடத்தில் நமக்கும் கண் கலங்குகிறது. கதாசிரியர் அங்கே முற்றுப்புள்ளி வைக்கிறார். நல்ல இடம்தான், அதற்கு மேல் எழுதினால் கதை நீர்த்துவிடும் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த முற்றுப்புள்ளி நம் வசதிக்கு வைக்கிற ஒன்றோ? கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் சாப்பிடப் போய்விடலாம். குழந்தைக்கு அந்த வசதி இல்லை. அது மறுநாள் காலையில் எழுந்து பல் தேய்க்க வேண்டும். தெருவைக் கடக்க வேண்டும். அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டும்.

கதையாவது பரவாயில்லை, கதையில் வரும் குழந்தைக்கு டீக்கடை கிடையாது. செய்திக்கு ஆயுள் ஒரு நாள் என்பார்கள் எங்கள் தொழிலில். அந்த ஒரு நாள், ஒன்பது வரியில் வந்த பிள்ளைக்கு எத்தனை வருஷம்?

திங்கள்கிழமை காலை ஐந்தரைக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நான்கு பேப்பரும் வாங்கினேன். விளக்குக் கம்பத்தடியில் நின்று பிரித்தேன். மூன்றில் மூன்று வரி. ஆசிரியரின் பெயர், வயது, கைது. அப்புறம் 'ஒரு மாணவி'. நாலாவதில் ஊர்ப் பெயர் இருந்தது. வகுப்பு இல்லை, தகப்பன் தொழில் இல்லை. முடியாது என்று சொன்ன அந்த மனிதரே எடுத்தாரா, இடம் போதாமல் டெஸ்க்கில் வெட்டினார்களா... எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

ஊர் பெரிய ஊர். அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகள் இருநூறுக்கு மேல்.

வாராவாரம் வரும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். பஸ்ஸின் தடம் எண் முதற்கொண்டு எழுதுகிறவன். இந்த வாரம் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் விட்டிருக்கிறேன். ஊர் இல்லை, வகுப்பு இல்லை, தொழில் இல்லை. சாப்பாடு கொண்டுவந்த மகளிர் குழு என்று எழுதியிருக்கிறேனே, அதுவாவது அப்படியேதானா? கேட்காதீர்கள். மணி ஒன்று பத்து என்பது மட்டும் சரி.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தார்.

"திங்கக்கிழமை புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு விடல சார். அந்தப் புள்ளையோட அய்யா டீக்கடையிலயே பத்து மணி வரைக்கும் உக்காந்திருந்தாராம். யாரும் அவரு மூஞ்சியப் பார்க்கல. இந்த வாத்தியாரான்னு அந்த ஆளைத்தான் பேசியிருக்காக. மறுநா எட்டேகால் பஸ்ஸுல எம்மகளோட ஏத்திவிட்டோம்."

"பிள்ளை எப்படி இருக்கு?"

"எப்படின்னா... போகுது வருது. செவ்வாக்கிழமை மொத பீரியடே கணக்குப் பரீட்சையாம், தெரியாமப் போய் உக்காந்திருக்கு. மார்க்கு இன்னைக்குத்தான் கொடுத்தாக."

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுத்தான் சார் சொல்லணும்" என்று போனை வைத்துவிட்டு, ராத்திரி திரும்பக் கூப்பிட்டார். "எழுதச் சொல்லிருச்சு. மார்க்கையும் போட்டுக்கங்க. அம்புட்டு மார்க் வாங்குனதுக எங்க பக்கம் பாதிப் பேரு இருக்கும், கண்டுபுடிக்க முடியாது."

இருபத்தைந்துக்குப் பதினொன்று.