பார்த்ததற்கு ஓர் அடையாளம்

சுண்டுவிரல் ஒன்றுதான் தார்ஹேலியாவுக்குச் சுத்தம். மற்ற ஒன்பது விரலிலும் பன்றிக் கொழுப்பு. எக்வடோர் நாட்டின் குவாலாசேயோ சந்தைக்குள் முழுப் பன்றியைச் சுட்டு, மேடைமேல் படுக்கவைத்துப் பிய்த்து விற்கிறவளுக்கு வேறெப்படி இருக்கும்? அந்தச் சுண்டுவிரலால்தான் கைபேசியைத் தட்டுவாள், படம் எடுப்பாள், நியூயார்க்கில் இருக்கும் புருஷன் செகுந்தோவுக்கு அனுப்புவாள். தினமும் ஒன்று, காலை பத்து மணிக்குள்.

"ருசி பாருங்க ராணி! புடிச்சா வாங்குங்க, புடிக்கலேன்னா என்னைத் திட்டிட்டுப் போங்க!" என்று வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் மொறுமொறுத்த தோலில் ஒரு துண்டைத் திணிப்பாள். இந்தச் சந்தையில் ருசி காட்டாமல் எதையும் விற்க முடியாது. அவளும் ருசி பார்க்காமல் ஒரு தக்காளி வாங்கியதில்லை. பதினொரு வருடமாக அவளும் செகுந்தோவும் படம் போட்டுவைத்த இணையச் சேவை மாதக் கடைசியில் மூடப்படும் என்று அறிவிப்பு வந்தபோதும் அதே வழிதான். கண்ணில் பட்ட ஒவ்வொரு புதிய சேவையிலும் ஒரு படத்தைப் போட்டு, நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

மகள் லிவியாவுக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை. கணினி தண்ணீர் பட்ட பாடு. மதியம் கடைக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"அம்மா, இது குடும்பத்துக்குன்னே செஞ்சது. ஆறு பேர் சேந்துக்கலாம்."

"ஆறு பேரா? ஞானஸ்நானத்துக்கு நான் தூக்கின ஞானப்பிள்ளைங்களே பதினொண்ணுடி! ஒருத்தியச் சேத்து இன்னொருத்திய விட்டா, திருவிழாவுல என் மூஞ்சியில முழிப்பாளா?"

"சரி, இதுல எத்தனை பேர் வேணும்னாலும் இருக்கலாம். மூஞ்சியப் பாத்து ஆளை அதுவே பிரிச்சு வைக்கும்."

"எம் பிள்ளைங்க மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்? அத விடு. அவர் பாத்தாருன்னு இதுல தெரியுமா?"

எதைக் காட்டினாலும் கடைசியில் இந்தக் கேள்வி. பக்கத்துக் கடை ஜெனோவேவாவுக்குச் சிரிப்பு தாங்காது. "கெழவிக்கு இந்த வயசுல புருஷனை வேவு பாக்கணுமாம்!"

விஷயம் வேவு அல்ல. பழைய சேவையில் அனுப்பிய படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கண் இருக்கும். எதிராளி பார்த்தால் அது நீலமாகும். போன புதிதில் செகுந்தோவும் படம் அனுப்பினான்: பனி மூடிய தெரு, வாழ்நாளில் முதல்முதலாக மாட்டிய கையுறை, தானே வைத்துத் தீய்ந்துபோன சூப்பு. அவள் ஆறு பெருகியதை அனுப்புவாள், மொட்டைமாடியில் காயும் சோளத்தை அனுப்புவாள். உடனே கூப்பிட்டு, "அந்தச் சோளத்த ரெண்டு என் வாயில போடேன்" என்பான். என்ன நாட்கள் அவை! நாலு வருடத்துக்குப் பிறகு அவன் படம் நின்றது. பேச்சு கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் என்று ஆயிற்று. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. எப்படி நின்றது என்று அவளுக்கே புரியவில்லை. நீலக் கண் மட்டும் ஒருநாள்கூடத் தவறவில்லை. பிள்ளைகளிடம் இதையெல்லாம் அவள் சொன்னதில்லை. அந்த நீலத்தை நம்பித்தான் தன்னைப் புருஷனோடு வாழ்கிறவள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, பழைய படங்களை இறக்கிக்கொண்டே லிவியா சாதாரணமாகச் சொன்னாள்: "இந்தக் கண்ணையா நம்பிட்டிருந்தே? படம் போன்ல வந்து விழுந்தாலே நீலமாயிடும்மா. ஆள் பாக்கணும்னே இல்ல."

தார்ஹேலியா கத்தியைக் கீழே வைத்தாள். எதிரே நின்றவர் இரண்டு முறை கேட்டும் காதில் விழவில்லை. ஏழு வருடத்துப் படங்களையும் ஒரு போன் மட்டுமா வாங்கி வைத்துக்கொண்டது?

"புதுசுல சேரச் சொல்லி அழைப்பு அனுப்பினா, அதுவும் தானா ஏத்துக்குமா? ஆள் அமுக்கணுமா?"

"ஆள்தான் அமுக்கணும்."

"அப்ப ரெண்டே ரெண்டு பேருக்குன்னு ஒண்ணு காட்டினியே, அது போதும்."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு வேற எதுலயாவது போடறேன், போடி."

அழைப்பு போயிற்று. வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. பழையதிலும் அவள் படம் போடுவதை நிறுத்தியிருந்தாள். எதற்குப் போட வேண்டும் என்றிருந்தது. ஜெனோவேவாகூடக் கிண்டலைக் குறைத்துக்கொண்டு, கேட்காமலே பழரசம் கொண்டுவந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சந்தை நிரம்பி வழிந்த நேரத்தில் போன் அதிர்ந்தது. செகுந்தோ அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்தான். கூடவே இரண்டு வரி: "மூணு நாளா படத்தைக் காணோமே. உடம்புக்கு என்ன?"

இரண்டு தரம் படித்தாள். பன்றியும் ஆறும் சோளமும் தவிர இத்தனை வருடத்தில் அவள் வேறெதையும் அனுப்பியதில்லை. வரிசையில் நின்றவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, தலையிலிருந்த வைக்கோல் தொப்பியைக் கழற்றி வைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கைபேசியைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.