விழாமல் முளைத்த பல்

போன சனிக்கிழமை அம்பத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல் என்னுடையதல்ல — எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு மல்லிகாவின் மகள் தேவியுடையது. ஏழு வயசு. மல்லிகாவின் கணவருக்கு ஃபேக்டரியில் பகல் ஷிஃப்ட். அதனால் துணைக்கு நான்.

குழந்தையின் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கீழ்வரிசையில் கடைசிப் பல் சொத்தை. வலிக்கும்போதெல்லாம் கிராம்பை வைத்தே சமாளித்திருக்கிறாள் மல்லிகா.

“பால் பல்லுதானே டாக்டர், புடுங்கிடுங்க. வேற மொளைச்சிடும்” என்றாள், ரொம்பத் தெம்பாக.

டாக்டர் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பால் பல்லுன்னு யாரும்மா சொன்னது? இது நிரந்தரப் பல். போனா போனதுதான்.”

“இன்னா டாக்டர் இப்டி சொல்றீங்க! அந்தப் பக்கம் ஒரு பல்லுகூட உழல. உழாம எப்டி புதுசு மொளைக்கும்?”

நியாயமான கேள்வி. நாமும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஆனால் இந்தக் கடைவாய்ப் பல், ஆறு வயசு வாக்கில் பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எதையும் விழவைக்காமல் சத்தமின்றி வந்து உட்கார்ந்துவிடுமாம். தேவிக்கு அது நேராகவும் வரவில்லை. சாய்ந்து வந்து, முன்னாலிருந்த பால் பல்லில் முட்டிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. இடுக்கில் சோறு தங்கி, சொத்தை விழுந்து, வேர் வரைக்கும் சீழ்.

“ஆரம்பத்துலயே காட்டியிருந்தா, ரெண்டு பல்லுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பித்தளைக் கம்பியைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கியே நிமித்தியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னது சரிதான்... அதற்காக அந்த நிமிஷத்திலா சொல்ல வேண்டும்? மல்லிகா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய பல்லை அந்தச் சின்ன வாயிலிருந்து எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் ஆறு வயசு வாண்டு இருக்கிறதா? டார்ச் அடித்து வாயை ஒரு தடவை பார்த்துவிடுங்களேன், புண்ணியமாய்ப் போகும்.

வீடு வந்ததும் தேவி, பஞ்சைக் கடித்தபடியே, டாக்டர் மடித்துக் கொடுத்த பல் பொட்டலத்தை நீட்டினாள். “அம்மா... சாணி?”

முன்பல் விழுந்தபோது சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்தாள், புதுப்பல் வந்தது. இதற்கும் வரும் என்று நம்புகிறாள். எப்படிச் சொல்வது?

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு, மாடு மேய்கிற மைதானத்துக்குப் போய் அவளே சாணி எடுத்துவந்தாள். அவளே பல்லை வைத்து உருட்டிக் கொடுத்தாள். தேவி ஓங்கி எறிந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ‘டொக்’கென்று விழுந்தது.

“இது பெரிய பல்லு இல்ல? வர்றதுக்கு லேட்டாவும். நீ அழாதம்மா” என்றாள் தேவி.

மல்லிகா கை கழுவ உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது... கைச் சாணி போக அவ்வளவு நேரமா ஆகும்?