சம்பந்தி உட்காராத பந்தி

என் மகன் கல்யாணத்தில் நான் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். காரணம், சாப்பாடு.

பெண்ணின் அப்பாவுக்கு ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம். கூடவே டெரிட்டோரியல் ஆர்மியில் சுபேதார் மேஜர். வருடத்தில் சில மாதம் சீருடை, மற்ற மாதங்களில் தோட்டம் என்றிருந்தே, சிப்பாயாகச் சேர்ந்து அந்தப் பதவிவரை உயர்ந்தவர்.

ஸ்ரீரங்கம் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்ததும் எனக்கும் அவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள். "நீங்க சாப்பிடுங்க சம்பந்தி, நான் அப்புறம் உட்கார்றேன்" என்று போய்விட்டார். என் உறவுக்காரர்கள் முன்னால் அவர் இலை காலியாகக் கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த பந்தியிலும் அவர் உட்காரவில்லை. போதும், கிளம்பலாம் என்று எங்கள் வேன் டிரைவரைத் தேடிப் போனேன்.

டிரைவர் கடைசிப் பந்தியில் மேளக்காரர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தவர் சம்பந்தி.

கை கழுவ வந்த அவருடைய படைவீரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க சுபேதார் சாப் எப்பவும் இப்படித்தாங்க. கேம்ப்ல கடைசி ஆள் சாப்பிட்ட பிறகுதான் தட்டைத் தொடுவார். ஒரு தடவை பனியில ரொட்டி தீர்ந்துபோச்சு. பசியில்லடான்னு டீயைக் குடிச்சிட்டுப் படுத்துட்டார். நாங்களும் நம்பிட்டோம்."

நானும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். வெளியே காத்திருந்த என் ஆபீஸ் டிரைவரை ஒருநாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை.

சம்பந்தி ஒருவழியாக உட்கார்ந்தபோது, பக்கத்தில் எனக்கும் மறுபடி ஓர் இலை போடச் சொன்னேன். பாயசம் தீர்ந்துபோயிருந்தது.

"எனக்கு இனிப்பே பிடிக்காதுங்க" என்றார்.

நான் நம்பவில்லை.