எந்த மாமியின் கீரை?

போன வெள்ளிக்கிழமை என் மருமகள் மரீஸா என் சமையலறையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த கீரையைப் பார்த்து அழுதாள். நல்ல அழுகைதான். ஆனால் அந்தக் கீரை அதற்கு முன்னால் என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

மரீஸா நியூ மெக்ஸிகோ பெண். இப்போது நாலாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்பதில்லை, எடை குறைந்துகொண்டே போகிறது. பிடித்தது எதுவோ அதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே என் மகன் அருண் அவளை டெக்ஸஸில், டாலஸ் பக்கம் காப்பெலில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். வந்த பிறகும் மெலிந்தாள். என் கையால் சாப்பிட்டு ஒரு கர்ப்பிணி மெலிகிறாள் என்றால், வெளியில் தலைகாட்ட முடியுமா?

அவள் என்னை 'மாமி' என்றுதான் கூப்பிடுவாள். நாகர்கோவில் பக்கம் மாமியாரை அப்படித்தான் அழைப்போம். அவள் வீட்டு ஸ்பானிஷிலோ மாமி என்றால் அம்மா. கல்யாணத்தில் இரண்டு தரப்புக்கும் இதில் ஒரே சந்தோஷம்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று – கெலீத்தெஸ். கீரையையும் பின்டோ பீன்ஸையும் வெங்காயம், பூண்டு, மிளகாய் போட்டுப் புரட்டி எடுப்பது. அவர்கள் ஊரில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளுக்கான சைட் டிஷ். அவள் அம்மா டோலோரெஸ் செய்வாராம். அவருக்கு இப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வர முடியாது.

கீரையும் பயறும்தானே... எனக்கா தெரியாது?

பாலக் வாங்கினேன். பீன்ஸுக்குக் குக்கரில் நாலு விசில் விட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை – கை தானாக மத்தை எடுத்தது. கடைந்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, கடுகு தாளித்து... அடுப்பை அணைத்த பிறகுதான் பார்த்தேன். கூட்டு. மரீஸா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் வீடியோக்களில் உட்கார்ந்தேன். அசல் கெலீத்தெஸுக்குக் காட்டுக்கீரைதான் வேண்டுமாம். படத்தைப் பார்த்தால் நம்ம சக்கரவர்த்திக்கீரை! ஃப்ரீவேயில் முக்கால் மணி நேரம் ஓட்டி, டாலஸில் ஒரு ஃபார்மர்ஸ் மார்க்கெட்டில் அதைக் கண்டுபிடித்தேன். இலை இலையாக ஆய்ந்தேன். பீன்ஸை முதல் நாளே ஊறப்போட்டேன். மத்தைக் கொண்டுபோய் கராஜில் வைத்தேன், என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

மரீஸா சாப்பிட்டுப் பார்த்தாள். நல்ல பிள்ளை, சிரிக்க முயற்சி செய்தாள்.

"வெரி குட், மாமி. ஜஸ்ட்... மாமி பண்ற மாதிரி இல்ல."

எந்த மாமி என்று நான் கேட்கவில்லை. பாதித் தட்டு அப்படியே இருந்தது.

"மா, இட்ஸ் ஜஸ்ட் ஸ்பினாச் அண்ட் பீன்ஸ். ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்றான் அருண். ஆய்ந்தவள் நான், கருத்துச் சொல்பவன் அவன்.

வேறு வழியில்லை. மானத்தை விட்டுச் சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டேன். மிளகாய் எவ்வளவு போடுவீர்கள்? "இனஃப்" என்றார். எவ்வளவு நேரம் வதக்க வேண்டும்? "அன்டில் இட்ஸ் டன்." பல்லைக் கடித்துக்கொண்டேன். வாராவாரம் எழுதும் இதே சமையல் பத்தியில் 'உப்பு – தேவையான அளவு' என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்... அதைப் படித்துவிட்டு நீங்கள் எப்படிக் கொதித்திருப்பீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில், இந்தக் காட்டுக்கீரையை நீங்கள் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஓ ஹனி, நோ. ஃப்ரோஸன் ஸ்பினாச். பீன்ஸ் டப்பாவில வர்றதுதான்."

ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டே மூன்று பிள்ளைகளை வளர்த்தவராம். கீரை ஆய எனக்கு ஏது நேரம் என்று கேட்டார். டப்பாவில் இருக்கும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடாதே, ருசியே அதில்தான் என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒரு பாக்கெட், ஒரு டப்பா, பத்து நிமிடம். முதல் வாய் வைத்ததும் மரீஸா "மாமி..." என்றாள், கண்ணில் தண்ணீர். என்னைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா தெரியாது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். உள்ளே போனது உள்ளேயே இருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஆறவில்லை. முப்பது வருஷமாக நான் கடைந்த கீரைக்கு இந்த வீட்டில் ஒருத்தராவது அழுததுண்டா?

அருணைப் பிடித்தேன். "மக்கா, உனக்கு உடம்பு சரியில்லன்னா என் கையால என்ன சாப்பிடணும்னு தோணும்?" உளுந்தங்கஞ்சி, ரசம், மீன்குழம்பு... எதைச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

அவன் யோசிக்கவே இல்லை.

"ஃப்ரோஸன் பரோட்டா, மா. நீ லேப் வேலை முடிஞ்சு வந்து, கோட் கூட கழட்டாம சுட்டுப் போடுவியே... வித் தி பர்ன்ட் எட்ஜஸ்."

இரண்டு பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஓரம் எவ்வளவு கருக வேண்டும் என்று யாரும் கேட்டு எழுதாதீர்கள் – தேவையான அளவு.