ஐம்பதாவது பிறந்தநாளில் போட்ட ஆயிரத்தொரு டொலர்

2010 பெப்ரவரி 11 ஆம் திகதிக்கு என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: “வியாழன். மனைவிக்கு ஐம்பது. காலை 10.36, கையெழுத்து. ஆயிரத்தொரு டொலர். நல்ல வெயில்.”

கையெழுத்திட்டது ஆயுள் காப்புறுதியோடு சேர்ந்த ஒரு முதலீட்டுப் பத்திரத்தில். பத்து வருடம் தொடாமல் வைத்திருந்தால், பிறகு எடுக்கும் பணத்துக்கு வரி இல்லை. மனைவிக்கு ஒரு மருத்துவமனையின் குசினியில் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் ரோவில் வீட்டிலிருந்து புறப்படுவாள். பின்னேரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். அறுபதாவது பிறந்தநாளன்று ஏப்ரனைக் கழற்றி மேற்பார்வையாளரின் மேசையில் வைத்துவிட்டு வருவதென்று முடிவெடுத்திருந்தாள். மடித்து வைப்பதா, சுருட்டி வைப்பதா என்பது மட்டுமே தீர்மானமாகவில்லை.

அவளுடைய சேமிப்பு வங்கியில் டிசம்பர் வரை முடங்கிக் கிடந்தது. எனக்கோ ஐம்பதில் தொடங்கி அறுபதில் முடிகிற அழகை விட மனமில்லை.

“இப்ப ஆயிரத்தொண்டு போட்டுத் தொடங்குவம். தாலிக்குப் பொன் உருக்கிற மாதிரி. கலியாணம் பிறகு நடக்கட்டும்,” என்றேன்.

“அறுபது பிறக்கிற அண்டைக்கே காசு வருமோ?”

“அண்டைக்கேதான்.”

சாப்பாட்டு மேசையில் படிவங்களை விரித்தவர் சென்னைக்காரரான ஆலோசகர். நல்ல நேரம் 10.40க்கு முடிகிறது.

“அங்கிள், ஏழாம் பக்கத்தை மட்டும் ஒரு தடவை பாத்துடலாம். ரெண்டாவது வருஷம் எவ்வளவு போடலாம்னு…”

“தம்பி, நாலு நிமிஷம்தான் இருக்கு.”

“எனக்கு ரெண்டு நிமிஷம் போதும் அங்கிள்.”

“வைச்சிட்டு ஆறுதலாக் கதைப்பம்.”

மனைவி கையெழுத்து வைத்தாள். கேசரி வந்தது, வடை வந்தது, கிரிக்கெட் வந்தது. ஏழாம் பக்கம் மட்டும் வரவில்லை.

டிசம்பரில் சேமிப்பு கைக்கு வந்தது. மார்கழியில் நல்ல காரியம் வேண்டாமென்றாள் மனைவி, சரியென்றேன். தை பிறந்ததும், “இனிப் போடலாம்தானே?” என்று கேட்டாள். நான்தான் மறித்தேன். இன்னும் நாலு கிழமையில் அவளுடைய பிறந்தநாள் வருகிறது. அன்றைக்கே போட்டால் திகதி பொருந்தும். அப்படியே 2011 பெப்ரவரி 11 அன்று, இணையத்தில், முழுத்தொகையையும் நானே அனுப்பிவைத்தேன். அனுப்பிய பெருமையில் இரண்டாம் முறையும் தேநீர் குடித்தேன்.

அடுத்த வருடம் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு வருடத்தில் போடுகிற தொகை முந்திய வருடத்துத் தொகையைவிடக் கால் பங்குக்கு மேல் கூடினால், பத்து வருடக் கணக்கு அந்த வருடத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். முதல் வருடத்துக்குள் எவ்வளவும் போட்டிருக்கலாம். எங்களுடைய இரண்டாம் வருடம் தொடங்கியது 2011 பெப்ரவரி 11 அன்று. எல்லாம் ஏழாம் பக்கத்தில் இருந்தது.

மனைவி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

“முதல் நாள் போட்டிருந்தால்?”

“சரியா இருந்திருக்கும்.”

“தை பிறந்த கையோட போட்டிருந்தால்?”

“அப்பவும் சரிதான்.”

“அப்ப வருஷத்தில என்ன நாள் போட்டாலும் சரி. நீங்கள் பாத்த நாள் மட்டும் பிழை.”

“ஓம்.”

கொஞ்ச நேரம் கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். பிறகு சிரித்தாள்; அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“நான் அறுபதில வேலையை விட்டு நிக்கிறன். மாற்றமில்லை. அந்தக் காசு வருமட்டும் நீங்கள் ஒரு வருஷம் கூட வேலைக்குப் போங்கோ. சமைச்சு வைக்கிறன்.”

அடுத்த ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலில் மூன்று பேர் என்னிடம், “மனுசிக்காக ஒரு வருஷம் கூட உழைக்கப் போறியளாம், பெரிய மனசு!” என்றார்கள். நான் பெரிய மனதோடு தலையாட்டினேன்.

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. நாங்கள் கையெழுத்திட்ட படிவம் நிறுவனத்துக்குத் தபாலில் போனது. பதிவான நாள்தான் கணக்கு என்றால், எங்கள் முதல் வருடம் சில நாள் பிந்தி முடிந்திருக்கும்; மனைவியின் பிறந்தநாளன்று நான் அனுப்பிய பணமும் அதற்குள் அடங்கும். கடிதமோ கையெழுத்திட்ட நாளைச் சொல்கிறது. நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் பேசிய பெண், பதிவான நாளே சரி, பழைய கோப்பைத் தேடிச் சொல்கிறேன் என்றார். இரண்டு முறை எழுதிவிட்டேன். இதை எழுதும் 2013 ஜூன் வரை பதில் இல்லை. படிவம் எந்த நாளில் பதிவானது என்பது எனக்குத் தெரியாது.